முந்த வேண்டியது ஆய்வு

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில், ‘பாரிஸ் பச்சை’ என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்று சுமார் 20 ஆண்டுகள் இயங்கியது. அதன் கழிவுநீர் சுற்றுச்சுவரை ஒட்டிய வெற்றிடத்தில் விடப்பட்டது. அந்நீரில் இருந்த ஆர்சனிக் நஞ்சு மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. நீரில் கரைந்த அந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஆகவே, அடிகுழாய் நீரைப் பருகிய மக்கள் தோல் நோயுற்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதன்பின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு மண்ணையும் நீரையும் சோதித்தனர்.

கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையங்களுக்கும் இது பொருந்தும். புதைந்துள்ள இரும்புத் தொட்டி துருப்பிடித்தால் எரிபொருள் கசியும். பெட்ரோல் நீரினும் இலேசானது; நிலத்தடி நீரின்மேல் மிதந்து பரவும். அதிலுள்ள பென்சீன் நீரில் கரையும், புற்றுநோயை உண்டாக்கும்.

எனவே, அத்தகைய இடங்களில் வீடோ பள்ளியோ எழுப்புமுன் பழைய தொட்டிகளை அகற்றி, துளையிட்டு மண்ணையும் நீரையும் ஆராய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். இதனால் செலவும் காலமும் கூடும் என்பர் சிலர். அது உண்மையே. ஆயினும், கெட்ட நிலத்தடி நீரைத் தூய்மையாக்கப் பல ஆண்டுகள் ஆகும். இழந்த உடல்நலமோ முழுதும் மீளாது. பெஹாலாவில் நோய் முந்தியது, ஆய்வு பிந்தியது. இனி ஆய்வே முந்த வேண்டும்.