மார்பகக் கட்டியும் தறிக் கூலியும்

மார்பகத்தில் கட்டி கண்ட பெண்கள் பலர், வலி இல்லையென்றே மருத்துவரிடம் செல்லாதிருக்கின்றனர். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே அந்நோயின் வஞ்சகம். கட்டிகளில் மிகப் பல புற்றல்ல என்பதும் உண்மையே. ஆயினும் எது எதுவென்று பகுத்தறிய, கையால் தடவிப் பார்த்தும், எக்ஸ்ரே படமெடுத்தும், ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதித்தும் பழகிய வல்லுநர் வேண்டும்.

அத்தகையோர் அரிதாயிருந்த 1954-இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. மறு ஆண்டு அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதற்கே உழைத்தார். இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இச்சோதனைகள் நடைபெறுகின்றன.

இருந்தும் நம் பெண்கள் போகாமைக்கு நாணம் மட்டும் காரணமன்று. ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகும். சோதனையோ ஒரே நாளில் முடிவதில்லை. பாவு ஏற்றிய தறியை நிறுத்திவிட்டு, களையெடுப்பை விட்டுவிட்டு, எவள் பஸ் ஏறுவாள்?

சங்கக் கணக்குகளைப் பார்வையிடுங்கால், பொது நல நிதி பந்தலுக்கும் மாலைக்கும் செலவாவதைக் கண்டிருக்கிறேன். துணைவிதிகள் இடந்தரும் அளவில், அதிலிருந்து மூன்று நாள் கூலியும் வழிச்செலவும் அளிக்க நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்கலாம். தீர்மானப் புத்தகத்தில் நோயின் பெயரை எழுத வேண்டுவதில்லை.