படகில் ஏறுமுன் ஒரு நிமிடம்

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் துள்ளாத மாணவி உண்டோ? கட்டுச்சோறும் பாட்டும் சிரிப்புமாய்ப் பேருந்தில் போவது ஓர் இன்பம் என்றால், போன இடத்தில் ஏரியோ காயலோ இருந்து, அதில் படகுச் சவாரியும் கிடைத்துவிட்டால் அது பேரின்பம்! கொடைக்கானல், ஏற்காடு, பிச்சாவரம், முட்டுக்காடு என்று எங்கே சென்றாலும் நம் கால்கள் முதலில் தேடுவது படகுத் துறையைத்தானே! அந்த இன்பத்தைக் கெடுப்பது எங்கள் நோக்கமன்று. அது இன்பமாகவே முடிய வேண்டும் என்ற கவலையில்தான் இதனை எழுதுகிறோம்.

எங்கள் தவற்றிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு சுற்றுலாவின்போது படகுத் துறையில் எங்களுக்கு ‘லைஃப் ஜாக்கெட்’ என்னும் உயிர்காப்புச் சட்டைகளைக் கொடுத்தார்கள். ஈரமும் பூஞ்சை நாற்றமுமாக இருந்த அவற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு மாட்டினோம். சிலவற்றில் கட்டும் நாடாவே இல்லை. படகு நகர்ந்ததும் ஒருத்தி புகைப்படத்திற்காகக் கழற்றினாள். அவளைப் பார்த்து நாங்கள் அனைவரும் கழற்றினோம். கழற்றியதை மடித்து மெத்தைபோலப் போட்டு அதன்மேல் அமர்ந்தோம்! எங்களுடன் வந்த ஆறாம் வகுப்புத் தங்கைக்குக் கொடுத்ததோ பெரியவர்கள் அணியும் சட்டை. கையைத் தூக்கினால் அது அவள் காதுவரை ஏறியது. அதைப் பார்த்தும் சிரித்தோமேயன்றிச் சிந்திக்கவில்லை. இறையருளால் கரை சேர்ந்தோம். ஆனால் எல்லாரும் அவ்வாறு கரை சேர்வதில்லை.

2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் சுற்றுலாப் படகு மூழ்கி 18 பேர் மாண்டனர். அவர்களுள் 15 பேர் பள்ளிக் குழந்தைகள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011-இல் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகச் சென்றவர்களில் 22 பேர் மடிந்தனர். அந்நாள் டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாள்! 2023 மே 7 அன்று தானூரில் மேலும் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதரா நகரில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவரும் 2 ஆசிரியைகளும் ஏரியில் உயிரிழந்தனர். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள் இருந்தனர். உயிர்காப்புச் சட்டையோ சிலருக்கு மட்டுமே இருந்தது.

இவற்றை எல்லாம் விதி என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதா? வருமுன் காவாதவன் வாழ்க்கை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போர் போலக் கெடும் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்தாரன்றோ?

சிறு படகு ஒன்றில் இருக்க வேண்டியவை அதிகமல்ல. ஆளுக்கு ஒன்றாக, அவரவர் உடலளவுக்கு ஏற்ற உயிர்காப்புச் சட்டை. தண்ணீரில் விழுந்தவருக்கு வீச, கயிறு கட்டிய மிதவை வளையம். உதவிக்கு அழைக்க ஒரு விசில். புகுந்த நீரை இறைக்க ஒரு வாளி. எஞ்சின் நின்றுபோனால் துடுப்பு. எஞ்சின் உள்ள படகானால் தீயணைக்கும் கருவி. இருட்டும் வேளையானால் விளக்கு. இத்தனை பேருக்கு மேல் ஏறலாகாது என்ற எண் படகிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் படகுகளின் பாதுகாப்பை வலியுறுத்துகிறது.

ஆனால் சாதனம் படகில் இருப்பது வேறு. அது நம் உடலில் இருப்பது வேறு. நாங்கள் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். படகு கவிழ்வதற்குச் சில நொடிகளே போதும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் சட்டையைத் தேடி எடுத்து, நாடாவை முடிந்துகொள்ளும்வரை தண்ணீர் காத்திருக்குமா? அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கணக்கைப் பாருங்கள். 2023-இல் அந்நாட்டின் உல்லாசப் படகு விபத்துகளில் நீரில் மூழ்கி இறந்தவர்களுள், விவரம் தெரிந்தவரையில், நூற்றுக்கு 87 பேர் உயிர்காப்புச் சட்டை அணியாதவர்கள்.

இச்சட்டையின் வரலாறும் சுவையானது. 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில், புயலில் சிக்கிய கப்பல்களை மீட்கச் சென்ற படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் மாண்டனர். பிழைத்த ஒருவரான ஹென்றி ஃப்ரீமன், அப்போது புதிதாக வந்திருந்த தக்கைச் சட்டையை அணிந்திருந்தார். பிற்காலத்தில் தக்கைக்குப் பதிலாக, நம் ஊர் மரத்தில் காய்க்கும் இலவம்பஞ்சை அடைத்தார்கள். இலவு காத்த கிளி ஏமாந்தது. இலவம்பஞ்சை மார்பில் கட்டிய மாலுமியோ பிழைத்தான்! இன்று அவ்விடத்தை நுரைப்பொருள் பிடித்துள்ளது. வளர்ந்த ஒருவரின் தலையை நீருக்கு மேல் நிறுத்த 5 கிலோ அளவு மிதப்பு இருந்தால் பெரும்பாலும் போதும். கழுத்துப் பட்டை வைத்த நல்ல சட்டை, மயங்கியவரையும் முகம் மேலே இருக்குமாறு திருப்ப உதவும். நாங்கள் செய்ததுபோல் அதன்மேல் அமர்ந்து நசுக்கினால் அந்த மிதப்பு குறைந்துவிடும்.

“துப்பட்டா கசங்குமே!” என்கிறாள் ஒரு தோழி. கசங்கட்டும், தேய்த்துக்கொள்ளலாம். “எனக்கு நீச்சல் தெரியும்” என்கிறாள் மற்றொருத்தி. திடீரென்று விழுந்த அதிர்ச்சியில் மூச்சு திணறும்; அருகில் தத்தளிப்பவர் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அப்போது தேர்ந்த நீச்சல்காரியும் திகைப்பாள். மேலும், நம்மில் நீச்சல் அறிந்தவர் எத்தனை பேர்? தம்பியைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று இடுப்பில் கயிறு கட்டி நீந்தப் பழக்கும் தந்தையர், நம்மை மட்டும் கரையில் துணிக்குக் காவல் வைப்பது ஏன்? தண்ணீருக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாதே!

“கடவுள் காப்பார்” என்போரும் உண்டு. காப்பார், அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு அலகை தூண்டியபோது, இறைவனைச் சோதிக்கலாகாது என்று நம் ஆண்டவர் மறுத்துவிட்டாரே! நம் கடற்கரைப் பங்குகளில் மீனவர்கள் தங்கள் படகை மந்திரிக்கப் பங்குத் தந்தையை அழைக்கிறார்கள். மந்திரித்தாயிற்று என்று ஓட்டையை அடைக்காமல் விடுகிறார்களா? விசுவாசமும் விழிப்பும் அக்காளும் தங்கையும் போன்றவை.

ஆகவே சில வேண்டுகோள்கள். அன்புள்ள அருட்சகோதரியரே, சுற்றுலாவிற்கு முன்பே படகுத் துறையாரிடம் குழந்தைகளின் அளவிலும் சட்டை உண்டா என்று கேளுங்கள். இல்லை எனில் அன்று படகு வேண்டாம். நாங்கள் முகம் சுளிப்போம், பொருட்படுத்தாதீர்கள். பெற்றோர்களே, அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுமுன் இதே கேள்வியைக் கேளுங்கள். மகளுக்கும் நீச்சல் கற்பியுங்கள்.

தோழியரே, கரையிலேயே சட்டையை அணிந்து எல்லா நாடாக்களையும் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு அடுத்தவளின் சட்டையைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதைத் தொட்டால் அளவு பெரிது; மாற்றச் சொல்லுங்கள். யானை தெரிகிறது, மான் தெரிகிறது என்று எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். மீண்டும் கரையில் கால் வைக்கும்வரை சட்டையைக் கழற்றாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அடுத்த சுற்றுலாவில் ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கு நாடா கட்டிவிடும் பொறுப்பை மூத்த மாணவியராகிய நாங்களே ஏற்கிறோம். அன்று சிரித்ததற்கு நாங்கள் செய்யும் பரிகாரம் அதுவே.