மலிவுத் துணியின் மறைந்த விலை

எமது நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை ஆடைக் கைத்தொழிலே ஈட்டித் தருகின்றது. சுற்றாடல் விடயத்தில் அக்கைத்தொழில் பெற்றிருக்கும் நற்பெயரும் அற்பமானதல்ல. 2008ஆம் ஆண்டில் துல்ஹிரியவில் மாஸ் நிறுவனமும் சீதுவையில் பிரண்டிக்ஸ் நிறுவனமும் உருவாக்கிய பசுமைத் தொழிற்சாலைகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகளில் இலங்கைக் கிரிக்கெட் அணியினர் அணிந்த மேற்சட்டை, கரையோரங்களில் சேகரிக்கப்பட்ட பிளாஸ்டிக் கழிவிலிருந்து பெறப்பட்ட நூலால் ஆனது. ஐரோப்பியக் கொள்வனவாளர் ஒருவர் தாம் வாங்கும் உள்ளாடையின் பருத்தி எங்கே விளைந்தது, அதற்குச் சாயமிட்ட நீர் எவ்வாறு சுத்திகரிக்கப்பட்டது என்றெல்லாம் கேட்கின்றார். எமது தொழிற்சாலைகளும் அவற்றுக்கு விடையளிக்கின்றன.

ஆனால் இதே நாட்டில் அதிகாலையில் தெருக்கூட்ட வரும் உள்ளூராட்சி சபைத் தொழிலாளியின் சீருடை எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. வைத்தியசாலைச் சிற்றூழியர், வங்கி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளி, எரிபொருள் நிரப்பு நிலையப் பணியாளர், விற்பனை நிலையத்துப் பெண் ஊழியர் ஆகியோரின் உடுப்புக்கும் இதே நிலைதான். அந்நியர் அணியப்போகும் ஆடைக்கு ஆயிரம் பரிசோதனைகள் நடக்க, எம்மவர் நாள் முழுவதும் உடலோடு ஒட்டிக்கொண்டு அணியும் துணிக்கு விலை என்ற ஒரே பரிசோதனைதான் இருக்கின்றது.

ஊழியர்களின் ஆடை பற்றி இங்கு விவாதமே நடந்ததில்லை என்று கூறுவதற்கில்லை. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வெளியான சுற்றறிக்கை, முஸ்லிம் பெண் உத்தியோகத்தர்களை எத்துணை மன உளைச்சலுக்கு ஆளாக்கியது என்பதை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்களின் ஆடை விதிகள் தளர்த்தப்பட்டன. இரு சந்தர்ப்பங்களிலும் பேசப்பட்டது ஆடையின் வடிவமே. துணியைப் பற்றிய பேச்சு எழவில்லை. வடிவத்தில் அரசியல் இருக்கின்றது. துணியில் இருப்பது வேர்க்குருவும் வியர்வையும்தானே என்று அதிகாரத்தில் உள்ளோர் எண்ணினார்கள் போலும்.

சீருடைத் துணியாக இங்கு பெரிதும் விற்பனையாவது பொலியெஸ்டர் மிகுந்த கலப்புத் துணியாகும். பொலியெஸ்டர் 65 வீதமும் பருத்தி 35 வீதமும் என்பது உலகெங்கும் வழக்கிலுள்ள கலவை. அது சுருங்காது, விரைவில் உலரும், நிறம் மங்காது, விலையும் குறைவு. இந்நலன்களை நாம் மறுக்கவில்லை. எனினும் பொலியெஸ்டர் என்பது கனிய எண்ணெயிலிருந்து பெறப்படும் ஒரு பிளாஸ்டிக் ஆகும். அது வியர்வையை உறிஞ்சுவதில்லை. ஒவ்வொரு சலவையின்போதும் கண்ணுக்குப் புலப்படாத இழைத் துணுக்குகளை நீரில் விடுகின்றது. பிரித்தானியாவின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மேற்கொண்ட ஆய்வின்படி, ஆறு கிலோகிராம் பொலியெஸ்டர் துணிகளைச் சலவை இயந்திரத்தில் ஒரு தடவை துவைக்கும்போது ஏறத்தாழ ஐந்து இலட்சம் இழைகள் வெளியேறலாம். சமுத்திரங்களைச் சென்றடையும் முதனிலை நுண் பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது மேற்குக் கரையோரம் எங்கும் வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் குவிந்து கிடந்ததை நாம் கண்டோம். நாடே பதறியது. சலவைத் தொட்டியிலிருந்து நாளாந்தம் வெளியேறும் பிளாஸ்டிக்குக்காகப் பதறுவார் இல்லை. அது கண்ணில் படுவதில்லை அல்லவா? யாழ். குடாநாட்டில் ஓடும் ஆறு கிடையாது. கிணற்றடியில் ஊற்றும் நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, மீண்டும் அதே நிலத்தடி நீரோடு சேர்கின்றது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நிலத்தடி நீர் எத்துணை எளிதில் பழுதடையும் என்பதை உணர்த்தியது. வீட்டுக் கிணற்றடியில் ஒருவர் தமது சட்டையைத் துவைப்பதும் அத்தகைய பெரும் மாசும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் ஒரு பெரிய வைத்தியசாலையின் சலவைப் பகுதியிலிருந்தும் ஹோட்டல்களின் சலவை நிலையங்களிலிருந்தும் வெளியேறும் நீரைக் குறித்தாவது சிந்தித்தாக வேண்டும்.

அப்படியாயின் முழுவதும் பருத்திக்கு மாறிவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். விடயம் அவ்வளவு இலகுவானதல்ல. ஒரு கிலோகிராம் பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் பத்தாயிரம் லீற்றர் நீர் செலவாகின்றது. மத்திய ஆசியாவில் பருத்திச் செய்கைக்காக இரு பெரும் ஆறுகள் திருப்பப்பட்டதால் ஆரல் கடல் வற்றிப் பாலையானது இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் சுற்றாடல் அழிவுகளுள் ஒன்றாகும். பருத்திச் சட்டை மழைக்காலத்தில் உலரத் தாமதிக்கும். ஸ்திரிக்கை செய்ய மின்சாரம் வேண்டும். எனவே துணிக்கு நல்லது, கெட்டது என்று முத்திரை குத்திவிட முடியாது. எந்த வேலைக்கு, எந்தக் காலநிலையில், எத்தனை தடவை துவைக்கப்படும் என்பவற்றைக் கொண்டே தெரிவு செய்ய வேண்டும். மேற்குறித்த பிளைமவுத் ஆய்விலேயே பொலியெஸ்டர்–பருத்திக் கலப்புத் துணி வெளியிட்ட இழைகள் தனிப் பொலியெஸ்டர் வெளியிட்டவற்றின் மூன்றில் ஒரு பங்கிலும் குறைவாக இருந்தன. மட்டக்களப்பு வெயிலிலோ கிளிநொச்சி வெயிலிலோ வெளிப்புற வேலை செய்வோருக்குப் பருத்தி கூடுதலாகவும் பொலியெஸ்டர் குறைவாகவும் அமைந்த கலவையே ஏற்றது என்பது எமது கருத்தாகும். வழக்கிலுள்ள விகிதத்தைத் தலைகீழாக்கினாலே போதும். குளிரூட்டப்பட்ட அறையில் இருப்பவருக்கு இதே அவசரம் இல்லை. விசித்திரம் என்னவெனில், நல்ல பருத்திச் சட்டை பெரும்பாலும் அந்த அறைக்குள்தான் இருக்கின்றது.

சந்தையில் உலவும் பசுமை விளம்பரங்களையும் எச்சரிக்கையோடு நோக்க வேண்டியுள்ளது. மூங்கில் துணி என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை இரசாயனங்களில் கரைத்துப் பெறும் விஸ்கோஸ் ஆகும். இதில் பயன்படும் காபன் இருசல்பைட்டு தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கக்கூடிய நச்சுப் பொருள். விஸ்கோஸை மூங்கில் என்று விற்றமைக்காக அமெரிக்காவின் இரு பெரும் விற்பனை நிறுவனங்கள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2022இல் 55 இலட்சம் டொலர் தண்டப்பணம் கோரி நடவடிக்கை எடுத்தது. சேதனப் பருத்தியும் மோசடிக்கு விலக்கல்ல. 2020இல் இந்தியாவில் 20,000 தொன் பருத்தி பொய்யாகச் சேதனச் சான்றிதழ் பெற்றிருந்தமை கண்டறியப்பட்டது. போத்தல் பிளாஸ்டிக்கிலிருந்து பெறும் பொலியெஸ்டர் குப்பையைக் குறைக்கின்றது, நன்று. ஆனால் துவைக்கும்போது அதுவும் இழைகளை விடவே செய்யும். ஆகவே சான்றிதழைக் காட்டும் வியாபாரியிடம் அது எதற்கான சான்றிதழ் என்று கேட்பது அவசியம். ஒயெக்கோ-டெக்ஸ் 100 என்ற முத்திரை, முடிவுற்ற துணியில் தீங்கான பொருட்கள் உண்டா என்பதைப் பரிசோதித்ததைக் குறிக்கும். அத்துணி நெய்யப்பட்ட இடத்து ஆறு தூய்மையாக இருந்ததா என்பதை அது கூறாது.

அந்த முதற் பரிசோதனைகூட எமது சீருடைகளுக்கு நடப்பதாகத் தெரியவில்லை. இது அலட்சியப்படுத்தத்தக்க விடயமன்று. 2011இல் அமெரிக்காவின் அலஸ்கா விமான சேவை தனது பணியாளர்களுக்குப் புதிய சீருடை வழங்கியது. தோல் அரிப்பு, கண் எரிச்சல், மூச்சுச் சிரமம் என முறைப்பாடுகள் குவிந்தன. ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, சீருடை அறிமுகமான பின்னர் பணிப்பெண்கள் தெரிவித்த இத்தகைய நோய்க்குறிகள் அதிகரித்திருந்தமையை எடுத்துக்காட்டியது. அச்சீருடை இறுதியில் கைவிடப்பட்டது. அங்கே தொழிற்சங்கம் இருந்தது, ஆய்வாளர்கள் இருந்தனர். இங்கே ஒரு சுத்திகரிப்புத் தொழிலாளியின் கழுத்தில் சொறி வந்தால், அதற்குச் சீருடையும் ஒரு காரணமாகலாம் என்று யார் பதிவு செய்வார்கள்? எமது தொழிற்சங்கங்களும் சீருடைக் கொடுப்பனவின் தொகையைப் பற்றியே குரல் எழுப்புகின்றன.

சிக்கலின் வேர் பெறுகை நடைமுறையில் இருக்கின்றது. கேள்விப்பத்திரத்தில் துணியின் நிறமும் அகலமும் மீற்றர் எண்ணிக்கையும் தெளிவாக எழுதப்படும். அது எத்தனை சலவை தாங்க வேண்டும், எவ்வளவு வியர்வை உறிஞ்ச வேண்டும் என்பன எழுதப்படாவிடின், மிகக் குறைந்த விலை கோரியவருக்கே கட்டளை போகும். இதில் அதிகாரியைக் குறை கூறியும் பயனில்லை. கூடிய விலைக்கு வாங்கினால் கணக்காய்வு ஐயவினா அவர் மேசைக்குத்தான் வரும். ஒரு பேச்சுக்கு, மீற்றர் 500 ரூபா துணி ஆறு மாதத்தில் நைந்து போகின்றது, 800 ரூபா துணி பதினைந்து மாதம் உழைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மாதம் 83 ரூபா செலவு, இரண்டாவதற்கு 53 ரூபா மட்டுமே. மலிவானது எது? நீண்ட நாள் உழைப்பது சுற்றாடலுக்கும் நன்மையே. ஓர் ஆடையை மேலும் ஒன்பது மாதம் பயன்படுத்தினால் அதன் காபன், நீர், கழிவுச் சுமைகள் 20 முதல் 30 வீதம் வரை குறையும் என்று பிரித்தானியாவின் ரப் அமைப்பு கணக்கிட்டிருக்கின்றது. சேதனப் பருத்தி வாங்க வசதியற்ற பிரதேச சபையும் இரட்டைத் தையல் போட்ட, முழங்காலில் ஒட்டுத்துணி வைத்த காற்சட்டையைக் கேட்க முடியும்.

கழித்த சீருடையின் கதை வேறு. நிறுவனத்தின் பெயர் துணியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் அதை மற்றவருக்குக் கொடுக்க நிறுவனங்கள் விரும்புவதில்லை. அது குப்பை மேட்டுக்குப் போகின்றது, அல்லது வளவின் மூலையில் எரிக்கப்படுகின்றது. 2017இல் மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 32 உயிர்களைக் காவுகொண்ட நாட்டில், சின்னத்தைக் கழற்றக்கூடிய தனித் துண்டாகத் தைக்கும்படி சொல்வதற்கு நிபுணர் குழு தேவையில்லை.

உள்நாட்டுக் கைத்தறி பற்றியும் கூறியாக வேண்டும். கிழக்கில் மருதமுனையும் காத்தான்குடியும் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை மருதமுனையில் உயிர்களோடு தறிகளையும் அள்ளிச் சென்றது. பின்னர் தேறியவர்களை 2022இன் நூல் விலையேற்றம் வாட்டியது. கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். அது குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. தெருவேலைக்கான முரட்டுத் துணியை அங்கிருந்து எதிர்பார்ப்பது பொருத்தமல்ல. அலுவலகச் சேலைகளையும் வரவேற்புப் பகுதி ஊழியர்களின் உடைகளையும் வைத்தியசாலைக் கட்டில் விரிப்புகளையும் தாராளமாகப் பெறலாம். ஆயினும் நூலும் சாயமும் இறக்குமதியாகின்றன என்பதையும், சாயத் தொட்டியின் கழிவுநீர் கடற்கரை மணலில் இறங்கினால் அண்டையில் உள்ள கிணற்றையே சென்றடையும் என்பதையும் மறைத்துப் பேசக்கூடாது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமைன்களை வெளியிடும் அசோ சாயங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரை ஒன்றின் மூலம் தடை விதித்துவிட்டது. எமது நெசவாளருக்கு நல்ல சாயத்தை நியாய விலையில் பெற்றுக் கொடுப்பதும், பொதுவான சாயமிடும் நிலையமொன்றையும் கழிவுநீர்த் தொட்டியையும் அமைத்துக் கொடுப்பதும் அரசின் பொறுப்பாகும். கைத்தறி வாரம் கொண்டாடி, மேடையில் பொன்னாடை போர்த்துவதால் அது நிறைவேறாது.

2025 மே மாதத் தேர்தலின் பின்னர் உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கையில் உள்ளன. சபைகளின் வரவு செலவுத்திட்டத்தில் சீருடைக்கான ஒதுக்கீடு ஒரே வரியில் வந்து, ஒரு நிமிடத்தில் நிறைவேறிப் போகும். அந்த வரி வாசிக்கப்படும்போது உறுப்பினர் ஒருவராவது எழுந்து, சென்ற தடவை வழங்கிய துணி எத்தனை மாதம் உழைத்தது என்றும், அதை அணிந்தவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்றும் வினவட்டும். கட்டளை கொடுப்பதற்கு முன்னர் இரண்டு வகைத் துணியில் பத்துப் பேருக்குச் சீருடை தைத்துக் கொடுத்து, மூன்று மாதம் அணிய விட்டுப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிதே.