வளர்த்த கிளியை யார் கையில் கொடுப்பது?

ஒரு கிளி தான் வளர்ந்த வீட்டிலேயே கடைசிவரை இருந்துவிடுவது அபூர்வம். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. கிளிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்த தாத்தா காலமாகிவிடுகிறார். பிறந்த குழந்தைக்கு மூச்சிரைப்பு. இறகும் தூசியும் ஆகாது என்கிறார் மருத்துவர். அடுத்த ஃபிளாட்காரர், விடியற்காலைக் கத்தலைப் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுக்கிறார். இவற்றில் யார் மேலும் குற்றமில்லை. குடும்பம் என்றால் மாறத்தான் செய்யும். கிளியின் ஆயுளோ அந்த மாற்றங்களையெல்லாம் தாண்டி நீள்கிறது. காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டு வாழும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நல்ல பராமரிப்பில் 40 முதல் 60 ஆண்டு இருக்கும். பெரிய மக்காவும் காக்கட்டூவும் அரை நூற்றாண்டைத் தொடும். ஐம்பது வயதில் சாம்பல் கிளிக் குஞ்சு வாங்குகிறவர், தனக்குப் பிறகு அதை யார் பார்ப்பது என்ற கேள்வியையும் சேர்த்தே வாங்குகிறார்.

அந்தக் கேள்விக்கு இன்று நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கூண்டோடு படம் போடுகிறோம். முதலில் கை தூக்கியவருக்குக் கிளி போகிறது. இல்லாவிட்டால் வாங்கிய கடைக்கே பாதி விலைக்குத் திரும்புகிறது. அதுவும் நடக்காவிட்டால் மொட்டைமாடியில் கூண்டைத் திறந்துவிட்டுப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்கிறோம். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுக்காதே என்று பெண் கொடுக்கும்போது ஆயிரம் முறை சொல்லும் சமூகம், நிஜமான கிளியைக் கொடுக்கும்போது எதையும் விசாரிப்பதில்லை. ஒரு கிளி கைமாறுவது ஒரு வீட்டின் சொந்த விவகாரம் அல்ல. கொடுப்பவர், வாங்குபவர், அக்கம்பக்கத்தார், கடைக்காரர், மருத்துவர், வனத்துறை என எல்லாரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பு அது.

எந்தக் கிளி?

முதலில் தெளிய வேண்டியது, கூண்டில் இருப்பது எந்தக் கிளி என்பது. நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. வைத்திருக்கவே உரிமை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நாட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91 முதலே தடை செய்யப்பட்டது. 2023-இல் சென்னையில் இரண்டு கிளிகளை வீட்டில் வளர்த்த திரைப்பட நடிகர் ஒருவருக்கு 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் கிளி ஜோசியரிடமிருந்து கிளிகள் பறிமுதல் செய்யப்பட்டன. சீட்டெடுக்கும் கிளிக்கும் வரவேற்பறைக் கிளிக்கும் சட்டம் ஒன்றுதான்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மக்கள் செய்வது என்ன? பத்து வருடம் வளர்த்த கிளியை இரவோடு இரவாகப் பறக்கவிடுகிறார்கள். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்குப் பறக்கும் தசை வலுவிழந்திருக்கும். இறக்கை வெட்டப்பட்டிருந்தால், பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்க மாதங்கள் ஆகும். காகம் துரத்தினால் எங்கே ஒளிவது, வல்லூறு நிழல் தெரிந்தால் என்ன செய்வது, இரை எந்த மரத்தில் என்பதெல்லாம் அது கற்காத பாடங்கள். அதற்குரிய வழி வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். பறக்கப் பழக்கி, கூட்டத்தோடு சேர்த்து, பிறகு விடுவிக்க வேண்டிய வேலை அது.

இங்கே அரசுக்கும் ஒரு கடமை உண்டு. தானாக முன்வந்து ஒப்படைப்பவர் மீது வழக்கு வராது என்ற உறுதியை எல்லா மாவட்டங்களிலும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தண்டனை, பிடித்து விற்பவருக்கு இருக்கட்டும். பட்ட தென்னை, பனை மரங்களின் பொந்துகளிலிருந்து கண் திறக்காத குஞ்சுகளை எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் தப்பிவிட, அறியாமல் வாங்கிய பாட்டி மட்டும் ஸ்டேஷன் படி ஏறுவது நியாயமாகாது. கிளி ஜோசியத்தையே நம்பி வயதாகிவிட்டவருக்கு மாற்றுப் பிழைப்பும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம்.

வெளிநாட்டுக் கிளிகள் வேறு வகை. இவற்றை வளர்க்கலாம், கைமாற்றலாம். ஆனால் கணக்கு வேண்டும். அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். மக்காவ், காக்கட்டூ, சன் கானூர், சாம்பல் கிளி எல்லாம் இதில் அடங்கும். சாம்பல் கிளி 2017 முதல் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பட்ஜி, காக்கட்டீல் போன்ற சில இனங்கள் மட்டும் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. கிளி புதிய வீட்டுக்குப் போகும்போது பதிவும் கூடவே போக வேண்டும். இந்தப் பறவைகளைத் திறந்துவிடுவதும் தவறு. பெரும்பாலானவை சில நாளில் மடியும். பிழைத்தவை வேறு சிக்கல். லண்டன் பூங்காக்களில் இன்று கூட்டங்கூட்டமாகத் திரியும் பச்சைக்கிளிகள், கூண்டிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் பெருகியவைதான்.

கொடுப்பவரின் கடன்

கிளிக்கு வீடு மாறுவது கூட்டத்தை இழப்பது. அதற்கு மனிதர்கள்தான் கூட்டம். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் முப்பது ஆண்டுகள் பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நிறம், வடிவம், ஆறு வரையிலான எண்ணிக்கை ஆகியவற்றைப் பிரித்தறிந்து சொன்னது. அவ்வளவு நுட்பமான மூளைக்கு, நேற்றுவரை இருந்த முகம் இன்று இல்லை என்பது நன்றாகவே தெரியும்.

ஆகவே கொடுப்பவர் கூண்டை மட்டும் கொடுத்தால் போதாது. கிளி என்ன தின்னும், எத்தனை மணிக்கு உறங்கும், எந்தச் சொல்லுக்குப் பதில் தரும், எதைக் கண்டால் மிரளும் என்றெல்லாம் எழுதித் தர வேண்டும். வயது, வாங்கிய ரசீது, பதிவு விவரம், வந்த நோய்கள் எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கட்டும். கடிக்கும் பழக்கமோ இறகு பிடுங்கும் பழக்கமோ இருந்தால் மறைக்கக் கூடாது. மறைத்துக் கொடுத்த கிளி மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் போகும். ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் நம்பிக்கை குறையும். புதியவர் ஓரிரு முறை வந்து பழைய வீட்டிலேயே கிளியோடு உட்கார்ந்து பழகட்டும். பழைய கூண்டு, பழைய தாங்குகோல், கடித்துத் தேய்ந்த பொம்மை எல்லாம் கூடவே போகட்டும்.

வாங்குபவரின் பொறுமை

முதல் சில வாரங்களுக்கு ஒரே வேலை, கிளியை அவசரப்படுத்தாமல் இருப்பது. கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் அதற்குப் பின்பக்கப் பயம் இல்லை. ஆள் நடமாட்டம் தெரியும் அறையாக இருக்கட்டும். சமையலறையாக இருக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடான நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். பறவைகளின் நுரையீரல் அமைப்பு காற்றிலுள்ள நஞ்சை நம்மைவிட வேகமாக உறிஞ்சுகிறது. கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து விலக்க வேண்டும். கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துவது, வீட்டில் எல்லாரும் பழக வேண்டிய ஒழுக்கம். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நள்ளிரவுவரை டிவி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது.

சாப்பாட்டை முதல் நாளே மாற்றக் கூடாது. பழைய வீட்டில் சூரியகாந்தி விதையே தின்று வந்திருந்தால், அதையே கொடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். வெறும் விதை உணவு ஈரலில் கொழுப்பையும் வைட்டமின் ஏ குறைபாட்டையும் கொண்டுவரும். முருங்கைக்கீரை, கேரட், கொய்யா, கோவைப்பழம், முளைகட்டிய பயறு, தினை என்று நம் வீட்டிலேயே நல்ல உணவு இருக்கிறது. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காபி கூடவே கூடாது. மிக்சரும் முறுக்கும் பாசத்தால் கொடுக்கப்படும் உப்பு.

கை வைக்கும் முன் அதன் உடல்மொழியைப் படிக்க வேண்டும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தாலோ, இறகை உடலோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றாலோ விலகி நிற்பதே மரியாதை. கூண்டருகே உட்கார்ந்து பேசுவது, கம்பி வழியே பிடித்த தின்பண்டம் நீட்டுவது, பிறகு திறந்த வாசலில் நீட்டுவது, அதன் பிறகே கையில் ஏற்றுவது என்ற வரிசையைக் கிளியின் வேகத்தில் நடத்த வேண்டும். பேசிக்கொண்டிருந்த கிளி வாரக்கணக்கில் மௌனமாக இருக்கலாம். பழைய வீட்டாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். அதற்குப் புதியவர்கள் மனம் சுருங்கத் தேவையில்லை.

நோயை மறைப்பது பறவையின் இயல்பு. எச்சத்தின் நிறம், தீனியின் அளவு, சிறிய தராசில் எடை இவற்றைப் பார்த்தால்தான் தெரியும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் வேறு பறவை இருந்தால் 30 முதல் 45 நாள் தனி அறையில் வைப்பது நல்லது. சிட்டகோசிஸ் என்னும் பாக்டீரியா நோய், காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்கும் தொற்றும். காய்ச்சலும் இருமலும் வந்தால் வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உரிய மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான் அது.

ஊரின் பங்கு

விடியலிலும் அந்தியிலும் கத்துவது கிளியின் குணம். அக்கம்பக்கத்தார் அதைக் கொஞ்சம் பொறுக்கலாம். வளர்ப்பவர் அந்த நேரத்தில் கூண்டைப் பால்கனியிலிருந்து உள்ளே எடுக்கலாம். இரண்டும் நடந்தால் பாதிப் புகார்கள் எழாது. தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் இதே விட்டுக்கொடுத்தல் வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணி உள்ள வீடுகளின் பட்டியலை வைத்திருந்தால், யாராவது திடீரென்று மருத்துவமனைக்குப் போகும்போது கூண்டை யார் பார்ப்பது என்ற தவிப்பு இராது.

2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள், கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்குகின்றன. அது சந்தைத் தெருக்கள்வரை நடைமுறைக்கு வர வேண்டும். விற்கும்போதே ஆயுள், சத்தம், செலவு மூன்றையும் சொல்லி விற்பதும், வளர்க்க முடியாதவரிடமிருந்து திரும்பப் பெற்று நல்ல இடம் பார்த்துக் கொடுப்பதும் கடைக்காரரின் பொறுப்பாக வேண்டும். பறவைகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் பெருநகரங்களைத் தாண்டினால் கிடைப்பது கடினம். மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கால்நடை மருத்துவமனையிலாவது வாரம் ஒரு நாள் பறவைப் பிரிவு இயங்குவது எட்டாத கோரிக்கை இல்லை.

பழக்கம் மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒருகாலத்தில் கிளிகளைக் கூண்டில் வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கினார்கள். அந்த வழக்கம் நின்றுபோனது, பக்தி குறையவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலிருக்கும் கிளியோ தினமும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுவது. உயிருள்ள ஒன்றை அடைக்காமலும் கிளியைக் கொண்டாட முடியும் என்பதை நம் கோயில்களே காட்டுகின்றன.

இனி வாங்க நினைப்பவர்கள் ஒரு வருடம் தள்ளிப்போட்டு யோசியுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இந்த வாரமே ஒரு தாள் எடுத்து, உங்களால் முடியாத நாளில் கிளி யாரிடம் போக வேண்டும் என்று எழுதி, அவரிடம் சம்மதம் கேட்டுக் கூண்டருகே ஒட்டிவையுங்கள். அந்தப் பெயரை எழுத முடியாத வீட்டுக்குக் கிளி வேண்டாம்.