கருமேகம் என்றால் சோகமா?



சென்ற மாதம் ஒரு ஓவியப் போட்டிக்கு, எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் குருடி மலையைப் பென்சிலில் வரைந்து கொண்டு போனேன். மலைமேல் கருமேகம், கீழே சோளக்காடு, ஓரத்தில் மூன்று பனைமரம். நடுவர் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு சோகம்? சந்தோஷமா ஏதாவது வரையக்கூடாதா?" என்றார். அதே படத்தை வீட்டில் பார்த்த அப்புச்சி, "மலை கருத்திருச்சே! மழை வந்துரும் கண்ணு" என்று சிரித்தார். மேகம் ஒன்றுதான். அவருக்குச் சோகம், இவருக்குச் சோளம்!

இதை டிராயிங் சாரிடம் சொன்னேன். அவர் கணினி அறையில் ஒரு படம் காட்டினார். ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1643-ல் செய்த 'மூன்று மரங்கள்'. செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுத்தது. கலர் கிடையாது. சுமார் 21 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம், அவ்வளவுதான். பரோக் காலத்து ஓவியர்கள் பலருக்கு இருட்டையும் வெளிச்சத்தையும் மோதவிடுவதில் தனி ஆசையாம். இதிலும் இடப்பக்க மூலையில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி சாய்ந்த கோடுகளாக மழை. வலப்பக்க மேட்டில் மூன்று மரம், பின்னால் பளிச்சென்று வானம்.

மூன்று மரமும் மூன்று சிலுவைகள் என்று சிலர் சொல்கிறார்கள். 1642-ல் மனைவி சாஸ்கியா இறந்த துக்கம்தான் இப்படிப் புயலாக வந்தது என்கிறார்கள் வேறு சிலர். இருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அர்த்தம் சொல்ல வந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் ஓரம் ஒருவர் தூண்டில் போட்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மேட்டுமேல் வண்டி நிறைய ஆட்கள். வலக்கோடியில் ஒருவர் மரத்தைக்கூடப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிப் படம் வரைகிறார்! எழவு வீட்டில் யாராவது தூண்டில் போடுவார்களா?

தமிழ் வகுப்பில் உள்ளுறை உவமம் படித்தோமே, ஞாபகம் இருக்கா? மரம், பறவை, விலங்கு போன்ற கருப்பொருள்களை வைத்தே மனசில் உள்ளதைச் சொல்வது. அதில் தெய்வத்தை மட்டும் சேர்க்கக் கூடாது என்று தொல்காப்பியர் ஒதுக்கிவிட்டார். ரெம்பிராண்டுக்குத் தொல்காப்பியம் தெரியாதுதான். (நம் நாட்டு முகலாய ஓவியங்களைப் பார்த்து அவர் வரைந்திருக்கிறார், அது வேறு கதை.) ஆனாலும் மரத்தை முதலில் மரமாகப் பார்க்க இந்த விதி உதவுகிறது.

இன்னொன்று, மேகத்துக்கும் ஊர் உண்டு. ஹாலந்தில் பல இடங்கள் கடல் மட்டத்தைவிடப் பள்ளம். உள்ளே வரும் தண்ணீரை வெளியேற்றவே காற்றாலை சுற்ற வைத்தவர்கள் அவர்கள். வானம் கருத்தால் அங்கே பயமாக இருந்திருக்கலாம். நம் முல்லைத் திணையிலோ கார்காலம் என்றால் பிரிந்து போனவர் திரும்பி வரும் நேரம். துடியலூரில் கேட்கவே வேண்டாம், மலை கருத்தால் வாசலில் காயும் மிளகாயை அள்ளிக்கொண்டு சிரித்தபடியே ஓடுவோம்.

அதனால் என் படத்தை நான் மாற்றவில்லை. ரெம்பிராண்ட் படத்தில் மழை வருகிறதா, விலகுகிறதா என்று எங்கள் வகுப்பில் இன்னும் சண்டை. எனக்கு விலகுவதாகத்தான் தெரிகிறது. படத்தைப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், நீங்களும் பாருங்கள். கீழே வலப்பக்கப் புதருக்குள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மட்டும் சார் ஒன்றுமே சொல்லவில்லை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி