வெயிலில் காய்ந்த போட்டோ

மீட்டிங்கில் ‘ப்ளூ பிரின்ட் ரெடி சார்!’ என்று முழங்குகிறோமே, அந்த நீலத்தின் பூர்விகம் தெரியுமோ? 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த ‘சயனோடைப்’. இரண்டு இரும்பு உப்புகள், ஒரு காகிதம், வெயில். அவ்வளவே. மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற அம்மணி, கடல்பாசிகளைக் காகிதத்தின் மேல் பரப்பி வெயிலில் வைத்து, புத்தகமே போட ஆரம்பித்துவிட்டார். கேமராவே கிடையாது!

பாசி சரி. மாமா பெண் முகத்தை எப்படிப் பரப்புவது? நெகட்டிவ் வேண்டும். அதுவும் படத்தின் சைஸிலேயே. காரணம், இந்த ரசாயனம் மகா சோம்பேறி. என்லார்ஜர் விளக்குக்கெல்லாம் லேசில் அசையாது. புற ஊதாக் கதிர் பட்டால்தான் எழுந்திருக்கும். எனவே நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்ட வைத்துத்தான் பிரின்ட் போட வேண்டும். 1858-ல் தஞ்சை பெரிய கோயிலைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் துரையும் வேறு ரசாயனத்தில் இதே வழியில் பிரின்ட் போட்டவர்தான். பெரிய படத்துக்குப் பெரிய கேமரா, பெரிய காகித நெகட்டிவ்.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. செல்போன் படத்தைக் கம்ப்யூட்டரில் கறுப்பு-வெள்ளையாக்கி, நெகட்டிவாகத் திருப்பி, கண்ணாடி பிம்பமாகப் புரட்டி, இங்க்ஜெட் பிரின்டரில் அடித்தால் தீர்ந்தது. ஷீட் மட்டும் இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சு பூசியதாக இருக்கட்டும். ஜெராக்ஸ் கடை ஓ.எச்.பி. ஷீட்டில் இங்க் காயாது, கண்மை மாதிரி ஈஷிக்கொள்ளும்.

இனிதான் சூட்சுமம். கண்ணுக்கு ‘ஆஹா’ என்றிருக்கும் நெகட்டிவ் பிரின்ட்டில் சவசவ என்று வரும். ஏனென்றால் பார்க்கப் போவது நீங்கள் அல்ல, சூரியன். நமக்கு வெளிறித் தெரியும் மஞ்சள் இங்க் சில பிரின்டர்களில் புற ஊதாவைச் சுவர் மாதிரி மறிக்கும். நாம் கறுப்பு என்று நம்பியது ஓட்டைக் குடையாக இருக்கும். ஆகவே முதலில் இங்க் இல்லாத வெறும் ஷீட்டால் காகிதத்தில் பாதியை மூடி, வெவ்வேறு நேரம் வெயில் காட்டுங்கள். எத்தனை நிமிஷத்தில் இரண்டு பாதியும் ஒரே நீலமாகிறதோ, அதுதான் உங்கள் டைம். பிறகு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை இருபத்தொரு படிகள் கொண்ட பட்டையை அடித்து அதே நேரம் வையுங்கள். எந்தப் படிகள் ஒன்றோடொன்று கலக்கின்றனவோ, கம்ப்யூட்டரில் அங்கே கர்வை வளையுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும். கிரிக்கெட்டுக்கு இது தேவலாம்.

கலவை சுலபம். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. சம அளவு கலந்து, மங்கின வெளிச்சத்தில் பூசிக் காய வையுங்கள். பேரில் சயனைடு இருக்கிறதே என்று அலற வேண்டாம், இரும்பு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் காரமான ஆசிட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், விஷவாயு வரும். கையுறை உத்தமம். சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

வெயில் முடிந்ததும் மஞ்சள் போகிறவரை குழாய்த் தண்ணீரில் அலசினால் மாமா பெண் நீலத்தில் மெல்ல எழுந்து வருவாள். சுவரில் மாட்டி நாளாவட்டத்தில் வெளுத்தாலும் பதற வேண்டாம். கொஞ்ச நாள் இருட்டு பீரோவில் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். வாஷிங் சோடா பட்டால் மட்டும் திரும்பாது.