குணமாகிவிட்டதா என்னும் கேள்வி

சேலம், நாமக்கல் சமவெளியில் மனநோய் கண்ட ஒருவரைப் பற்றி உறவினர்கள் கேட்கும் முதற் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒன்றுதான்: 'செரியாப் போச்சுங்களா?' அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆயினும் இருதுருவ மனநோயைப் பொறுத்தவரை (மருத்துவமனைகளில் 'பைபோலார்' என்றே சொல்கிறார்கள்) நோயாளியின் பிற்கால வாழ்வை நோய்க்கு இணையாகக் கெடுப்பது இக்கேள்வியே என்று நாம் கருதுகிறோம்.

இந்நோய் அலையலையாய் வருவது. ஒரு பருவத்தில் உறக்கமே வேண்டியிராது. ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, திடீரென நிலத்தை விலைபேசும் துணிச்சல். இன்னொரு பருவத்தில் பாயை விட்டு எழவும் இயலாத சோர்வு. இடையே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், எல்லோரையும் போன்ற வாழ்க்கை. மருந்தே கொடுக்காவிட்டாலும் மிகையெழுச்சி பெரும்பாலும் சில மாதங்களில் தானே தணியும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சி செல்லும் சாலையில் குணசீலம் இருக்கிறது. மனநலம் குன்றியோரை அப்பெருமாள் கோயிலில் 48 நாட்கள் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். அந்த நாட்களுக்குள் அலை வடிந்தால் பெருமை பெருமாளுக்கு. கல்யாணத்துக்குப் பின் வடிந்தால் மருமகளின் ராசிக்கு. மாத்திரையால் வடிந்தாலோ, 'இப்பத்தான் நல்லா இருக்கானே, இனி மாத்திரை எதுக்கு?' குணசீலத்தைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. நிராதரவாய் நிற்கும் குடும்பத்துக்கு ஒண்ட ஓரிடம் தருவது சிறிய காரியமா? வடிந்த அலையை வற்றிய கடலாக எண்ணிக்கொள்வதைத்தான் சொல்கிறோம்.

ஒருமுறை மிகையெழுச்சி கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது மீண்டும் வரும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அறிமுகப்படுத்திய லித்தியம் அந்த வருகையைத் தள்ளிப்போடுகிறது, தற்கொலையையும் குறைக்கிறது. திடீரென நிறுத்தினால் நோய் விரைந்து திரும்பும். இந்தியாவில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இதய நோய் போன்ற உடல் நோய்களாலும் இவர்களது ஆயுள் சுமார் பத்தாண்டு குறைகிறது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பது இவர்களுக்கு மனநல மருத்துவத்தின் ஒரு பகுதியே.

நம் ஊர்ப்பக்கத்துக்கென்று தனியாக ஒரு சங்கடம் உண்டு. இச்சமவெளி இரவில் விழித்துப் பிழைப்பது. நாமக்கல் லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, பள்ளிபாளையத்து விசைத்தறி என எதுவும் உறக்கத்தை மதிப்பதில்லை. உறக்கம் கெடுவதோ மிகையெழுச்சியைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானது. லித்தியத்துக்கும் இங்குள்ள கோடைக்கும் ஆகாது. வியர்வையில் நீரும் உப்பும் இழந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். முதுகுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும் என்பது இதனால்தான். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தில் எங்கோ துளை போட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க எப்படி வருவார்? 'என்ன வேலை, எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?' என்று கேட்காமல் எழுதப்படும் மருந்துச்சீட்டு பாதிச் சீட்டுத்தான்.

இலக்கிய வாசகர்களான நமக்கும் இதில் பங்குண்டு. பித்து நமக்குப் பிடித்த சொல். கவிஞனின் பித்து கவிதைக்கு விலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். 1984இல் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்கு வயது 33. எழுதப்படாமல் போன கவிதைகளின் கணக்கை எவரும் போடுவதில்லை. மறுபக்கத்தில் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இருக்கிறார். இதே நோயுடன் வாழும் அமெரிக்க உளவியலாளர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தம் நோயையும், லித்தியத்தை ஏற்க மறுத்து அல்லாடிய ஆண்டுகளையும் 1995இல் ஒரு நூலாகவே எழுதினார். அதன்பின்னும் ஆண்டுகள் பல கடந்து புத்தகங்கள் எழுதினார். காவியச் சோகம் ஏதுமற்ற இந்த வாழ்க்கை நம் கட்டுரைகளில் இடம்பெறுவது அரிது.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அதே சட்டத்தில் அதிகம் அறியப்படாத ஓர் ஏற்பாடும் உள்ளது: நோய் மிகும்போது தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் பேசுபவர் யார் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். வந்து வந்து போகும் நோய்க்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. சட்டம் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. நிலப்பத்திரம் யார் பொறுப்பில் இருப்பது, இரண்டு இரவு உறங்காவிட்டால் யாருக்குத் தொலைபேசுவது, இரவு முறையிலிருந்து பகல் முறைக்கு மாற்றித்தரத் தறிப்பட்டறை முதலாளியிடம் யார் பேசுவது என்பவற்றையும் குடும்பத்தார் அதே தாளின் மறுபக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.